நிழல்பிள்ளைகளின் விருப்பப் பாடம்

எங்கள் பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டாயிரம் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூடப் பிறந்ததே இல்லை. எல்லாருக்கும் பெயர் உண்டு, பிளஸ் டூ மதிப்பெண் உண்டு, தாலுகா உண்டு, கேட்ட கேள்விக்குப் பதில் உண்டு. விடுதியும் சாப்பாடும் மட்டும் தேவையில்லை. எந்த நிர்வாகமும் மனதுக்குள் ஆசைப்படுவது இப்படிப்பட்ட மாணவர்களுக்குத்தான்.

நான் செண்பகவல்லி. பாளையங்கோட்டைக்கு வெளியே இருக்கும் தாமிரக்கரைப் பல்கலைக்கழகத்தில், இணையவழிப் படிப்புகளுக்கான சந்தை ஆய்வுப் பிரிவின் தலைவி. பிரிவில் மொத்தமே இரண்டு பேர் என்பதால் தலைவி ஆவது அவ்வளவு கடினமாக இல்லை. இன்னொருத்தி ஜமீலா, இருபத்தேழு வயது. கணினியோடு நன்றாகப் பேசுவாள். அவசியம் வந்தால் மனிதர்களோடும் பேசுவாள்.

அடுத்த வருஷம் எந்தப் பட்டப்படிப்பைத் தொடங்கினால் ஆள் சேரும் என்று முன்கூட்டியே சொல்வது எங்கள் வேலை. முன்பெல்லாம் வீடு வீடாகப் போன் போட்டு, "உங்க பிள்ளைக்கு என்ன படிக்க விருப்பம்?" என்று கேட்போம். "கம்ப்யூட்டர்ல எதாவது" என்று பதில் வரும். அந்தப் பதிலை நம்பி டிரோன் நிர்வாகம் என்று ஒரு படிப்பைத் தொடங்கினோம். பதினோரு பேர் சேர்ந்தார்கள். அதில் இரண்டு பேர் டிரோன் இலவசமாகக் கொடுப்பார்கள் என்று நினைத்து வந்தவர்கள். அடுத்த வருஷம் விண்வெளிச் சட்டம். நாலு பேர். அந்த நாலில் ஒருவன் துணைவேந்தரின் மைத்துனர் மகன்.

அதற்குப் பிறகுதான் நிழல்பிள்ளைகள் வந்தார்கள்.

"இவங்க உயிரோட இருக்காங்களா, இல்லையா? அதை முதல்ல சொல்லுங்க," என்றார் துணைவேந்தர் டாக்டர் சவரிமுத்து. எதிலும் கையெழுத்துப் போடும் முன்பு உயிர் இருக்கிறதா என்று பார்ப்பவர்.

"நிஜப் பிள்ளைங்க அவங்கவங்க வீட்டுல இருக்காங்க சார்," என்றாள் ஜமீலா. "நம்ம இணையதளத்துல விசாரிச்சு படிவம் நிரப்பின பன்னிரண்டாயிரம் பேர். ஒவ்வொருத்தருக்கும் ஒரு நிழல் செஞ்சிருக்கோம். படிவத்துல ஒரு போன் நம்பர் குடுப்பாங்கல்ல, அந்தப் போன் பத்து வருஷமா என்ன தேடிச்சு, என்ன பாத்துச்சு, எந்த வீடியோவைப் பாதியில நிறுத்திச்சுன்னு எல்லாத்தையும் எடுத்து, அதுல இருந்து ஆளைத் திரும்பக் கட்டுறது."

"பத்து வருஷமா? அப்ப எட்டு வயசுல இருந்தா?"

"இந்தக் காலத்துப் பிள்ளைங்க சார். பிறக்கும்போதே போன்தான்," என்றேன் நான். இந்த வாக்கியத்தை நான்தான் சொன்னேன் என்பதைப் பிற்பாடு ஜமீலா நாலைந்து தடவை ஞாபகப்படுத்தினாள்.

"இதுக்கெல்லாம் அனுமதி?"

"படிவத்துக் கடைசியில ஒரு கட்டம் இருக்கு சார். எல்லாரும் டிக் பண்ணிருக்காங்க."

"படிச்சுப் பாத்துட்டா?"

"நீங்க எதையாவது படிச்சுப் பாத்துட்டு டிக் பண்ணிருக்கீங்களா சார்?"

சவரிமுத்து கொஞ்சம் யோசித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். "நேராப் பிள்ளைங்ககிட்டயே கேட்டுட்டா என்ன?"

"நேர்ல கேட்டா பொய் சொல்வாங்க சார். போன்கிட்ட யாரும் பொய் சொல்றதில்ல."

அவர் கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவையும் தோற்றால் எங்கள் பிரிவை நூலகத்தோடு சேர்த்துவிடுவதாக, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மூன்று மாதம் நிழல்பிள்ளைகளோடு பேசினோம். எனக்கு ஒரே ஆச்சரியம். பதினெட்டு வயசுப் பிள்ளைகள் காலை நாலரைக்கு எழுந்திருக்கிறார்கள். எழுந்ததும் தங்கம் விலை பார்க்கிறார்கள். பூவும் சூரியனும் போட்ட காலை வணக்கப் படத்தை இருபது பேருக்கு அனுப்புகிறார்கள். முப்பது வருஷத்துக்கு முந்தைய பாட்டைத்தான் கேட்கிறார்கள். கருப்பட்டிக் காபி குடித்தால் சர்க்கரை ஏறுமா என்று கவலைப்படுகிறார்கள். மூன்றில் ஒரு பிள்ளைக்கு முட்டிவலி.

வேறொருத்தியாக இருந்தால் இதில் எங்கேயோ இடிக்கிறதே என்று யோசித்திருப்பாள். எனக்கு முதுகலைப் பட்டமும் பதினாறு வருஷ அனுபவமும் இருந்ததால், இதற்கெல்லாம் விளக்கம் எழுத முடிந்தது. 'பழமைக்குத் திரும்பும் இளைய தலைமுறை' என்று தலைப்பு வைத்து எண்பது பக்க அறிக்கை கொடுத்தேன். அதைப் படித்துவிட்டு சவரிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நம்ம பிள்ளைங்களை நாம தப்பா எடைபோட்டுட்டோம் மேடம்," என்றார்.

பிள்ளைகள் அதிகம் கேட்ட மூன்று பட்டப்படிப்புகள்: வானிலையியல், திரையிசை ரசனை, பழைய மோட்டார் வண்டிகளைச் சீரமைத்தல். மூன்றும் ஜூன் மாசம் தொடங்குவதாக முடிவானது. நிழல்களின் அதே பன்னிரண்டாயிரம் நம்பர்களுக்கும் விளம்பரம் அனுப்ப ஏற்பாடு செய்தோம்.

இதுவரைக்கும் ஆபீஸ் விஷயம். இதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு ஒரு பாதகமும் இல்லை.

எனக்கு ஒரு மகள். இதழினி. பள்ளிக்கூடக் கபடி அணியில் பிடித்தால் விடாத பிடி. பேச்சில் மட்டும் ஒரு கேள்விக்கு ஒரு சொல்தான் தருவாள். அவளுக்குக் கோயம்புத்தூரில் பிசியோதெரபி படிக்க இடம் கிடைத்திருந்தது. வேண்டுமா வேண்டாமா என்று வியாழக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்த இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும், திரும்பக் கேட்டாலும் கிடைக்காது.

"ஒனக்கு நெசமாவே என்னட்டி படிக்கணும்?" என்று கேட்டேன்.

"பிசியோ."

"நெசமாவா?"

"எம்மா!"

இதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ள ஓர் ஆய்வாளரால் முடியாது. அவளும் எங்கள் இணையதளத்தில் படிவம் நிரப்பியிருந்தாள். நிரப்பியது நான்தான், ஊழியர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சலுகை உண்டே என்று. ஆகவே அந்தப் பன்னிரண்டாயிரத்தில் அவளுக்கும் ஒரு நிழல் இருந்தது. சொந்தக்காரர்களின் நிழலைத் திறக்கக் கூடாது என்று விதி. விதியை எழுதியவள் நான். ஜமீலா சாப்பிடப் போன ஒரு மத்தியானம் திறந்தேன்.

"உனக்குப் பிடிச்சது எது?" என்று ஆரம்பித்தேன்.

"மழை," என்றது நிழல். இளம்பெண் குரல். என் மகள் குரல் இல்லை, அவள் வயசுக் குரல்.

"நனையப் பிடிக்குமா?"

"இல்ல. அது எங்க இருந்து வருது, எப்ப வரும்னு கண்டுபிடிக்கப் பிடிக்கும். மேகம் எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாத்துக்கிட்டே இருப்பேன். வீட்டு குரூப்புல ஒரு தடவை போட்டேன். துணியை எடுத்துருங்க, மூணு மணிக்கு மழை வரும்னு. யாரும் எடுக்கல."

"மழை வந்துச்சா?"

"வந்துச்சு. துணி நனஞ்சதுக்கும் என்னைத்தான் திட்டினாங்க."

துணி நனைந்த அந்த நாள் எனக்கு ஞாபகம் இருந்தது. திட்டியவள் நான்தான். முன்கூட்டிச் சொன்னது யார் என்பது மட்டும் ஞாபகமில்லை. வீட்டு குரூப்பைச் சத்தமில்லாமல் போட்டு வைத்து எனக்கு இரண்டு வருஷம் ஆகிறது.

"உடம்புக்கு எதாவது செய்யுதா?"

"முட்டிதான். படி ஏறினா வலிக்குது."

கபடியில் அடிபட்டதை என்னிடம் மறைத்து வைத்திருக்கிறாள்.

"பிசியோதெரபி பத்தி என்ன நினைக்கிற?"

"அதைப் பத்தி நான் ஒரு நாள்கூடத் தேடினதில்லையே."

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கடைசியாகக் கேட்டேன். "வானிலையியல்னு ஒரு பட்டப்படிப்பு வந்தா சேருவியா?"

யோசிப்பதற்கு அந்த நிரலுக்கு நேரம் தேவையில்லை. எல்லாப் பதிலும் கேட்டு முடிக்கும் முன்பே வரும். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் தயங்கியது போல எனக்குத் தோன்றியது.

"நான் சேரலாமா?" என்று என்னைத் திருப்பிக் கேட்டது.

நான் ஆபீஸில் உட்கார்ந்து அழுதேன். பதினெட்டு வருஷம் வளர்த்த பிள்ளை, அம்மாவிடம் கேட்க முடியாத ஒன்றை ஒரு போனிடம் சொல்லி வைத்திருக்கிறதே என்று அழுதேன். ஜமீலா திரும்பி வந்ததும், கண்ணில் தூசி என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது என் கணவர் கொம்பையா சோபாவில் காலை நீட்டியிருந்தார். பஸ் டெப்போவில் டைம் கீப்பர். ஊரில் எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே நிற்கும் என்பதைத் தவிர வேறெதையும் அவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. இதழினி கீழே உட்கார்ந்து அவர் முட்டியை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, ஒனக்கு மழைன்னா பிடிக்கும்லா?" என்றேன்.

"பிடிக்கும். பிராக்டிஸ் கிடையாது."

"முட்டி வலிக்கத எங்கிட்ட ஏன் மறைச்ச?"

"எனக்கா? அப்பாவுக்குல்லா வலிக்கு."

"போதும். எனக்கு எல்லாம் தெரியும். கோயம்புத்தூர் வேண்டாம். எங்க யுனிவர்சிட்டியில வானிலையியல் தொடங்குதோம். அதுல ஒன்னைச் சேக்கப் போறேன்."

இதழினி கையை எடுத்துவிட்டு எழுந்தாள். அன்றைக்குத்தான் அவள் நீளமான வாக்கியங்கள் பேசிக் கேட்டேன். "எனக்கு எதுக்கும்மா வானிலை? நான் ரெண்டு வருஷமா சொல்லிட்டு இருக்கேன், பிசியோன்னு. ஒங்க மெஷினா என்னைப் பெத்துச்சு?"

"பெத்த எங்கிட்ட சொல்லாததை அதுட்ட சொல்லிருக்கியே!"

"நான் எதுட்டயும் ஒண்ணும் சொல்லல!"

கொம்பையா நீட்டிய காலை மடக்கிக்கொண்டு, "வானிலையியலா? பட்டமே குடுக்காவளா?" என்றார்.

"ஆமா."

"அதுல என்னல்லாம் சொல்லித் தருவாவ?"

"நீங்க சும்மா இருங்க. பிள்ளைட்ட பேசிட்டு இருக்கேன்லா," என்றேன்.

சும்மா இருந்தார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு, ஆபீஸில் இருந்தபடியே கலந்தாய்வு இணையதளத்தில் நுழைந்து, 'இடம் வேண்டாம்' என்ற பொத்தானை அமுக்கினேன். பெற்றோர் கைப்பேசிக்கு ஒரு எண் வரும், அதைப் போட்டு ஒப்புதல் தர வேண்டும் என்றது. அந்த நம்பர் கொம்பையாவுடையது. போன் போட்டேன்.

"ஏங்க, ஒங்களுக்கு ஓடிபி ஒண்ணு வரும். அந்த லிங்குல போட்டு ஒப்புதல் குடுத்துருங்க."

"பிள்ளைட்ட கேட்டியா?"

"பிள்ளையவிட நல்லாக் கேட்டுருக்கேன்."

"சரி," என்றார். அவர் சரி என்றால் அது நடந்துவிட்டது என்று அர்த்தம். போனை வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன், ஏனென்றால் பத்து மணிக்கு மூன்று புதிய படிப்புகளுக்கும் சேர்க்கை தொடங்கியது.

பதினோரு மணிக்குச் சேர்ந்தவர்கள் பூஜ்யம். பன்னிரண்டுக்கும் பூஜ்யம். சவரிமுத்து இரண்டு தடவை கூப்பிட்டார், நான் இரண்டு தடவையும் 'சர்வர்' என்றேன். எந்தக் கேள்விக்கும் அந்த ஒரு சொல் கொஞ்ச நேரம் தாங்கும். பன்னிரண்டரைக்கு ஜமீலா வந்தாள்.

"அக்கா, உதவி மையத்துல போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. எல்லாரும் ஒரே புகார்தான். வயசுக் கட்டம் எடுக்க மாட்டேங்குதாம்."

"பதினேழுல இருந்து இருபத்தொண்ணு வரைக்கும் எடுக்குமே."

"கேட்டுப் பாருங்க." பதிவு செய்த ஒரு அழைப்பைப் போட்டுக் காட்டினாள்.

"வணக்கம்மா, கோவில்பட்டியில இருந்து பேசுதேன். லாரி புக்கிங் ஆபீஸ் வச்சிருக்கேன். அந்தப் பழைய மோட்டார் படிப்பு. வயசுன்னு இருக்க எடத்துல அம்பத்தொண்ணு போட்டா செவப்பா வருது."

"உங்க பிள்ளை வயசைப் போடுங்க சார்," என்றது உதவி மையப் பெண்ணின் குரல்.

"பிள்ளைக்கு இல்லம்மா." குரலைத் தாழ்த்தினார். "எனக்கு."

அடுத்த அழைப்பு சங்கரன்கோவில், நாற்பத்தெட்டு, திரையிசை. அதற்கடுத்தது தூத்துக்குடி, ஐம்பத்தாறு, வானிலை. அவருக்குப் படகு இருந்ததாம், இப்போது இல்லையாம், ஆனாலும் காற்றைப் பற்றிப் படிக்க வேண்டுமாம்.

"அக்கா," என்றாள் ஜமீலா மெதுவாக. "இதழினிக்குப் படிவம் நிரப்பும்போது போன் நம்பர்னு இருந்த கட்டத்துல யார் நம்பரைப் போட்டீங்க?"

"அவ அப்பா நம்பர்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது.

"நான் காலேஜ் சேரும்போது எங்க வாப்பா நம்பர்தான் போட்டேன்," என்றாள் ஜமீலா. "எங்க தெருவுல அத்தனை பேரும் அப்படித்தான். பிள்ளைங்க நம்பரை மாத்திக்கிட்டே இருக்கும், அப்பா நம்பர் மாறாது. பொம்பளப்பிள்ளை நம்பரைக் கண்ட இடத்துல குடுக்காதேன்னு வேற சொல்லுவாங்க. இது எனக்கே தெரியும். இருந்தும் தோணல பாருங்க."

நிழல்களைச் செய்த நிரல் எங்கேயோ வெளிநாட்டில் எழுதியது. அங்கே போன் நம்பர் என்று கேட்டால் படிக்கப் போகிறவனின் நம்பரைக் கொடுப்பார்கள் போலிருக்கிறது. இங்கே தமிழ்நாட்டில் ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பாங்கு, பஸ் பாஸ் எல்லாம் அப்பா சட்டைப் பையில்தான் ஒலிக்கும். பதினாறு வருஷம் சந்தை ஆய்வு செய்த எனக்கும், கணினியோடு பேசும் ஜமீலாவுக்கும், முனைவர் பட்டம் இரண்டு வாங்கிய துணைவேந்தருக்கும் இது புரியாமல் போனதற்கு ஒரே காரணம், எங்கள் மூன்று பேருக்குமே இது அத்தனை பழக்கமான விஷயம்.

மாசக்கணக்காக நாங்கள் பேசியது பன்னிரண்டாயிரம் அப்பாக்களோடு. பதினெட்டு வயசுக் குரலில், எத்தனை பொறுமையாகப் பதில் சொன்னார்கள்!

ஜமீலா வெளியே போனதும் இதழினியின் நிழலைத் திறந்தேன். அதனோடு பேசவில்லை. அது எதிலிருந்து செய்யப்பட்டது என்ற பட்டியலை மட்டும் பார்த்தேன். தென்மேற்குப் பருவக்காற்று, மழைமானி வீட்டில் செய்வது எப்படி, மேகங்களின் வகைகள் என்று பக்கம் பக்கமாக ஓடியது. நடுநடுவே வேறொன்றும் இருந்தது. 'மனைவிக்கு ஒற்றைத் தலைவலி என்ன செய்யலாம்.' பத்து வருஷத்தில் பதினொரு தடவை. 'ஒற்றைத் தலைவலி வெளிச்சம் ஆகாது திரைச்சீலை என்ன நிறம்.' இது ஒரு தடவை.

எங்கள் படுக்கையறையில் கருநீலத் திரைச்சீலை ஒன்று தொங்குகிறது. அதை அவர் வாங்கி வந்த அன்றைக்கு, இது என்ன சவ ஊர்தி மாதிரி ஒரு கலர் என்று கேட்டுச் சிரித்தேன். அவரும் கூடச் சிரித்தார். எதற்கு வாங்கினேன் என்று சொல்லவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. படிவத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு டிக்கை வாங்கிக்கொண்டு, பூட்டியிருந்த பன்னிரண்டாயிரம் அறைகளுக்குள் செருப்போடு நுழைந்திருக்கிறேன். அதில் ஒன்று என் வீட்டு அறை.

அப்போதுதான் ஓடிபி ஞாபகம் வந்தது. டெப்போவுக்குப் போன் போட்டேன். பின்னால் பஸ் ஹாரன் சத்தம்.

"ஏங்க, காலையில ஒரு ஓடிபி வந்துச்சுல்லா?"

"வந்துச்சு."

"போட்டுட்டீங்களா?"

கிளம்பும் பஸ் ஒன்றுக்கு நேரம் சொல்லி அனுப்பினார்.

"பத்து நிமிஷத்துல காலாவதி ஆயிரும்னு போட்டிருந்திச்சு, செம்பகம்."

"ஆமா."

"நான் டீ குடிக்கப் போயிட்டேன்."

"பத்து நிமிஷமாவா டீ குடிச்சீங்க?"

"ரெண்டு டீ."

என் கோபத்துக்குப் பயந்து அவரே பேசினார். "பிள்ளை நெசமாவே அதைத்தான் படிக்கணும்னு நினைக்கா. எம்முட்டியத் தொடுறதுலயே தெரியுது. சாயங்காலம் வந்து ஒங்கிட்டச் சொல்லணும்னு இருந்தேன். ஏசுறதுன்னா அப்ப ஏசு."

"ஏசல," என்றேன். "நல்ல காரியம் பண்ணீங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு வாக்கியத்தை என் வாயிலிருந்து கேட்டதில்லை என்பதால், லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து அவர் இரண்டு தடவை ஹலோ சொன்னார். பிறகு, "குடை கொண்டு போனியா? நாலு மணிக்கு வரும்," என்றார்.

ஜன்னலுக்கு வெளியே பல்லை இளிக்கிற வெயில். நான் குடை கொண்டுவரவில்லை. 'இடம் வேண்டும்' என்ற பொத்தானை அமுக்கினேன், இந்த ஓடிபிக்கு அவர் டீ குடிக்கப் போகவில்லை. நாலு பத்துக்கு மழை பிடித்துக்கொண்டது.

அந்த மழைச் சத்தத்தில்தான் சவரிமுத்துவிடம் உண்மையைச் சொன்னேன். நூலகத்தில் எந்த மூலையில் நாற்காலி போடுவார்கள் என்று யோசித்துக்கொண்டே சொன்னேன்.

"அப்ப, பிள்ளைங்க ஒருத்தர்கூட வரல," என்றார்.

"இல்ல சார்."

"வந்தவங்க?"

"நாலாயிரத்துச் சொச்சம் அப்பாமார். வயசுக் கட்டத்துக்கு வெளிய நிக்காங்க."

சாரல் அடித்த ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பினார். "கட்டத்தை எடுத்துருங்க."

"இன்னொண்ணு சார்," என்றாள் ஜமீலா. "அந்த நிழல்களை அழிச்சிரணும். அவங்க சம்மதிச்சதா நாம சொல்லிக்க முடியாது. எல்லாருக்கும் நடந்ததைச் சொல்லி ஒரு கடிதமும் போகணும்."

இதற்கு அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. பல்கலைக்கழகத்தின் பெயர் என்று ஏதோ ஆரம்பித்தார். "சார், உங்க பையனும் போன வருஷம் படிவம் நிரப்பினான்," என்றாள் ஜமீலா. "யார் நம்பர் போட்டான்னு எனக்குத் தெரியாது. நான் திறந்து பாக்கல."

கடிதத்துக்கு அன்றைக்கே கையெழுத்து விழுந்தது. நாங்கள் கிளம்பும்போது கூப்பிட்டார். "மேடம், அந்தப் பழைய மோட்டார் படிப்புல... ஊழியர்களும் சேரலாமா?"

நிழல்களை மறுநாள் அழித்தோம். இதழினியின் பெயரில் இருந்ததை நானே அழித்தேன். கடைசியாக ஒரு கேள்வி கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஆள் வீட்டிலேயே இருந்தார்.

புதிய படிவத்தை ஜமீலா கவனமாகத் தயாரித்தாள். வயசுக் கட்டம் இல்லை. கடைசியில் இருந்த ஒப்புதல், பெரிய எழுத்தில் முதல் பக்கத்துக்கு வந்தது. போன் நம்பருக்கு நேரே, 'மாணவரின் எண். தயவுசெய்து அப்பா எண் தர வேண்டாம்' என்று சிவப்பில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இதழினி கோயம்புத்தூருக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். கொம்பையா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கண்ணாடி போட்டுக்கொண்டு வானிலையியல் படிவத்தை நிரப்பினார். பரீட்சை எழுதும் பிள்ளை போல, போனில் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். சமையலறையில் என் போன் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தேன். 'கொ. கொம்பையா அவர்களின் சேர்க்கையை உறுதி செய்ய ஓடிபி' என்று இருந்தது.

"ஏங்க, எனக்கு எப்படி வந்துச்சு இது?"

"அப்பா நம்பர் வேண்டாம்னு செவப்புல போட்டிருக்காவளே. வீட்டுல நான்தான அப்பா. அதான் ஒன் நம்பர் குடுத்தேன். நான் டெப்போல இருப்பேன். ஒன் நம்பர்னா மெசேஜ் தவறாதுல்லா?"

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பெட்டியை விட்டுவிட்டு இதழினி எட்டிப் பார்த்தாள். திங்கட்கிழமை ஜமீலா கொண்டுவந்த பட்டியலில், சேர்ந்திருந்த நாலாயிரத்துச் சொச்சம் பேரில் முக்கால்வாசிப் பேர் மனைவி நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் கொம்பையாவிடம் சொன்னேன். மழை வரும் என்று கொடியிலிருந்து எடுத்த துணிகளை நடுவில் போட்டு இருவரும் மடித்துக்கொண்டிருந்தோம். எடுக்கச் சொன்னது அவர், எடுத்தது நான்.

"அடுத்த வருஷம் நிழல் செஞ்சா, ஒங்க நிழல் எம்போன்ல இருந்துதான் வரும். ஒங்களுக்கு என்ன பிடிக்கும்னு கேட்டா, எம்மனசுல இருக்கதச் சொல்லும்."

"என்ன சொல்லும்?"

"தெரியல. அப்பத்தான் பாக்கணும்."

"அதுக்கு எதுக்கு மெஷின்ட்ட போகணும்?" என்றார், என் சேலையின் ஒரு முனையை என்னிடம் நீட்டியபடி. "நீயே சொல்லு. ஒனக்கு என்ன படிக்கணும்?"

பன்னிரண்டாயிரம் பேரிடம் நான் கேட்ட கேள்வி அது. என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. பதில் எங்கேயோ அடியில் கிடந்தது.

"பத்து நிமிஷம் குடுங்க," என்றேன்.

அவர் எழுந்து டீ போடப் போனார்.